கத்தி யார் கையில் இருந்தது

ஆண்டுதோறும் ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து என்னைப் பேச அழைக்கிறார்கள். தலைப்பு பெரும்பாலும் ஒன்றேதான்: சிறந்த நிறுவனங்கள் எப்படி உருவாகின்றன, சிறந்த தலைவர்கள் எப்படி இருப்பார்கள். நானும் போகிறேன், பேசுகிறேன். பொன்னாடை போர்த்துகிறார்கள். அந்தப் பொன்னாடைகளை என் மருமகள் கொலுப்படியில் விரிப்பதற்கு எடுத்துக்கொள்கிறாள். அவற்றுக்கு அதுவே சரியான உபயோகம்.

அந்த மேடைகளில் நான் தவறாமல் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. அதில் ஒரே ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லிவந்தேன். அந்த ஆள் நான்தான்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். நிர்வாகம் பற்றி நிறையப் படித்தேன்; படித்ததைவிட அதிகமாகப் பேசினேன். ஓய்வுபெறச் சில வருடங்கள் இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஜெனரல் மேனேஜராக வந்தேன். ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை முடிந்து, வசதி இருந்தவர்களெல்லாம் புது ஷெட் போட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. முதலாளி மூலனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துக்காரர். என்னைவிட வயதில் மிகவும் இளையவர். என்னை "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார்.

"எனக்குத் துணி தெரியுமுங்க வாத்தியாரே, மெஷின் தெரியுமுங்க. ஆள வெச்சு நடத்தறதுதான் பிடிபட மாட்டீங்குது. பெரிய கம்பெனின்னா எப்படி இருக்கோணுமோ அப்படிப் பண்ணிப்போடுங்க" என்றார் முதல் நாளே.

பண்ணிப்போட்டேன்.

நான் கொண்டுவந்தவற்றில் எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது காலைக் கூட்டம். ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் எழுந்து நின்று, முந்தைய நாள் எது தாமதமானது, யாரால், என்ன காரணம் என்று சொல்லவேண்டும். பொறுப்புணர்வை வளர்க்கத்தான் அதை ஆரம்பித்தேன். சீக்கிரமே வேறொன்று வளர்ந்துவிட்டது. தையல் பிரிவு கட்டிங்கைச் சொன்னது. கட்டிங் சாயப்பட்டறையைச் சொன்னது. வெளியில் இருந்த சாயப்பட்டறையைக் கேட்டால் மின்வெட்டைச் சொன்னது. பேக்கிங் அட்டைப்பெட்டிக்காரரைச் சொன்னது. காரணம் இல்லாமல் வருகிறவன்தான் மாட்டுவான் என்று எல்லோரும் கண்டுகொண்டார்கள். நல்ல காரணத்தை யாராவது கோவையாகச் சொன்னால் நான் தலையாட்டிவிடுவேன். விடைத்தாள் திருத்திய பழக்கம். விடை ஒழுங்காக எழுதியிருந்தால் என் கை தானாகவே மதிப்பெண் போட்டுவிடும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் எனக்குத் தொந்தரவாக இருந்தார். புரொடக்‌ஷன் மேனேஜர். பதவி எதுவானாலும், கட்டிங் மாஸ்டராக இருந்து மேலே வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். எங்கள் தையல் பிரிவில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவர் ஊர்ப்பக்கத்திலிருந்து அவரை நம்பி வந்த குடும்பங்கள். ஏழு ஊருக்குக் கேட்கும் குரல், முன்கோபம், வாய் நிறையக் கிண்டல்.

"என்ன சார், காலைலயே பாவசங்கீர்த்தனமா?" என்பார் உள்ளே வரும்போதே. "ஆனா ஒரு வித்தியாசம் பாத்தீயளா? எங்க ஊர்ல சாமியார்ட்ட அவனவன் பாவத்தச் சொல்லுவான். இங்க எல்லாவனும் அடுத்தவன் பாவத்தல்லா சொல்லுதான்!"

அறையே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

அவர் முறை வந்தால் எழுந்து நின்று, "நேத்து லேட்டு சார். நாந்தான் தப்பாப் போட்டுட்டேன். இன்னைக்கி சரி பண்ணிருதேன்" என்பார். உட்கார்ந்துவிடுவார்.

"அது சரி மாஸ்டர், காரணம் என்ன?"

"அதாம் சார் சொன்னேன். நாந்தான்."

இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பேசிய பாடங்களில் தவறை ஒப்புக்கொள்வதைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லியிருக்கிறேன். கண்ணெதிரே ஒருவர் அதைச் செய்தபோது அது எனக்குத் திமிராகத் தெரிந்தது. என் கூட்டத்தைக் கேலி செய்வதற்காகவே அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊத்துக்குளி ரோட்டில் கம்பெனியின் புது யூனிட் எழும்பிக்கொண்டிருந்தது. அதை நடத்தப்போகிறவர் மாஸ்டர்தான் என்று முதலாளி வெளியில் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒரு யூனிட்டை முழுக்கத் தன் பொறுப்பில் நடத்தவேண்டும் என்பது மாஸ்டரின் பல வருட ஆசை. அவர் மனைவி அந்தப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கத் தொடங்கியிருந்தார். அவருடைய ஊர்ப் பெண்கள் சிலர், "நாங்களும் அங்கதான் வருவோம், பஸ் விடுவீயளா சார்?" என்று என்னிடமே கேட்டார்கள்.

இனி அந்தத் துணி விஷயம்.

பனியன் துணி சாயம் ஏறி, நீராவியில் அழுத்தப்பட்டு, உருளையாகச் சுற்றி வரும்போது இழுபட்ட நிலையில் இருக்கும். உருளையைப் பிரித்துத் தளர்வாக மடித்துப் போட்டு, ஓர் இரவாவது கிடக்க விடவேண்டும். ரிலாக்ஸ் விடுவது என்பார்கள். துணி தன் சொந்த அளவுக்குத் திரும்பிக்கொள்ளும். அதற்கு முன்னால் வெட்டிவிட்டால், சட்டை தைத்து முடித்து அழகாகத்தான் இருக்கும். முதல் துவைப்பில் சுருங்கும். இது திருப்பூரில் ரகசியமே இல்லை. டீக்கடையில் நிற்கிறவரைக் கேட்டாலும் சொல்வார். எனக்கும் நன்றாகத் தெரியும்.

குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. மழையும் மின்வெட்டும் சேர்ந்து சாயப்பட்டறையில் துணி தங்கிவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் புறப்படவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ஒரு மாலையில் துணி வந்து இறங்கியது. நான் கட்டிங்குக்குப் போன் செய்தேன்.

"மாஸ்டர், துணியை உடனே மேசையில் ஏற்றுங்கள்."

"சூடு கூட ஆறல சார். ராத்திரி கெடக்கட்டும். காலைல மொத வேலையா வெட்டிருதேன்."

"கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது."

"துணியும்தான் சார் நமக்காக அவசரப்படாது. சுருங்கும்."

"சுருக்கத்துக்கு அளவில் கொஞ்சம் இடம் விட்டுத்தானே வைத்திருக்கிறோம்? ஏற்றுங்கள்."

அதற்கு முன் எத்தனையோ தடவை அவர் என்னிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறார், கத்தியிருக்கிறார், போனை வைத்திருக்கிறார். அன்றும் அதைத்தான் எதிர்பார்த்தேன். "சரி, போடுதேன்" என்றார்.

ஜெயித்துவிட்டதாக இருந்தது எனக்கு. வெட்கத்தோடு எழுதுகிறேன், அன்று வீட்டுக்குப் போகும்போது காரில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

சரக்கு புறப்படும் முன் பையர், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் தரப்பு அதிகாரி வந்து சில சட்டைகளைத் துவைத்துப் பார்க்கச் சொன்னார். பெங்களூரிலிருந்து வந்த அம்மா. தமிழ் நன்றாகத் தெரியும். துவைத்து உலர்த்திய சட்டைகளை மேசைமேல் வைத்து அளந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கான சட்டை ஆறு வயதுப் பிள்ளைக்குத்தான் பொருந்தும்போல இருந்தது. சரக்கு நிறுத்தப்பட்டது. மறுநாள் கூட்டம்.

அந்தக் கூட்டத்துக்கு நான் தயாராகப் போனேன். சாயப்பட்டறையில் துணியைச் சரியாக அழுத்தவில்லை என்பது என் காரணம். எங்களவர்களிடமெல்லாம் முன்கூட்டியே அதைச் சொல்லி வைத்திருந்தேன். சாயப்பட்டறைக்காரரையும் வரச் சொல்லியிருந்தோம். அவர் பாவம், கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கொடுக்கும் வேலையை நம்பியிருப்பவர், எதிர்த்துப் பேசமாட்டார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

நான் நல்ல ஆங்கிலத்தில் பேசினேன். அந்த அம்மா குறித்துக்கொண்டே வந்தார். நான் முடித்ததும் மாஸ்டர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார்.

"மேடம், அவரு மேல ஒண்ணுமில்ல. துணி நல்லாத்தான் வந்துச்சு. ரிலாக்ஸ் விடாம வெட்டுனது நாந்தான். அவர விட்டுருங்க."

முதலாளி திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏனுங்க மாஸ்டரு, உங்களுக்குத் தெரியாததுங்களா அது? ஆரு சொல்லி வெட்டுனீங்க?"

"கத்தி எங்கைலதான இருந்துச்சு மொதலாளி" என்றார் மாஸ்டர்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் வாயைத் திறந்திருப்பேன். அந்த அறையில் நான் சொல்லவேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். "நான்தான் சொன்னேன்." அதைச் சொல்லாமல், எனக்கு முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தேன், மூடினேன். அந்த அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, "சரி, இதை இனி எப்படிச் சரி பண்ணலாம்?" என்று மாஸ்டரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. இருவரும் பேசி, அந்தச் சட்டைகளை அடுத்த சின்ன அளவு என்று லேபிள் மாற்றி அனுப்புவது, குறைகிற பெரிய அளவை மட்டும் புதிதாக வெட்டுவது என்று ஒரு வழி கண்டார்கள். கப்பல் தவறியது. பையர் எங்களை விட்டுப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து முதலாளி என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, நீங்க சொல்றபடி செய்யறனுங்க. புது யூனிட்ட மாஸ்டரு கையில குடுக்கலாமுங்களா, வேண்டாமுங்களா?"

இரண்டாவது சந்தர்ப்பம். அறையில் வேறு யாருமில்லை. பையர் இல்லை, கௌரவம் போகும் என்ற பயத்துக்கும் இடமில்லை. நான் சொன்னது இது: "நல்ல மனிதர். நேர்மையானவர். ஆனால் ஒரு யூனிட்டுக்குத் தலைவராக இருப்பவருக்கு வாயடக்கம் வேண்டும். பையர் முன்னால் கம்பெனியை விட்டுக்கொடுத்துவிட்டாரே."

"நீங்க படிச்சவிங்க. நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்று முதலாளி எழுந்து போனார்.

புது யூனிட் என் பழைய மாணவன் ஒருவனுக்குப் போயிற்று. கெட்டிக்காரன், வாய்ச்சாலகம் உள்ளவன். என் காலைக் கூட்டத்தை என்னைவிட நன்றாக நடத்தினான். மாஸ்டர் சண்டை போடுவார் என்று காத்திருந்தேன், போடவில்லை. கையிலிருந்த ஆர்டரை முடித்துக்கொடுத்துவிட்டு, தன் ஊர்க்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போய், வாடகை ஷெட்டில் மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் சின்னதாக ஆரம்பித்தார். மற்றவர்கள் புது யூனிட்டுக்குப் போனார்கள். அங்கிருந்து எனக்கு வரும் விளக்கங்களெல்லாம் அற்புதமாக இருக்கும். சரக்குதான் சரியாக இருக்காது. தவறு நடந்ததை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நடந்த பிறகு காரணம் தயாராக இருக்கும். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஊர் முழுவதும் ஆர்டர் குறைந்தபோது முதலில் மூடப்பட்டது அந்த யூனிட்தான். பஸ் விடுவீர்களா என்று கேட்ட பெண்களுக்கு வேலை போயிற்று. ஊரெல்லாம்தானே குறைந்தது என்று அதற்கும் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

நானும் ஓய்வுபெற்றேன். கல்லூரிகள் அழைக்கத் தொடங்கின. "எங்கள் கம்பெனியில் ஒருமுறை தவறு நேர்ந்தது. பையர் முன் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டோம். அந்த பையர் எங்களை விட்டுப் போகவில்லை" என்று மேடையில் சொல்வேன். கைதட்டுவார்கள். அந்த மனிதர் செய்ததை எடுத்து என் பொன்னாடைக்குக் கரையாகத் தைத்துக்கொண்டேன்.

எத்தனை நாள்தான் அப்படி இருப்பது? ஒரு கல்யாண மண்டபத்தில் முதலாளியைப் பார்த்தபோது ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அன்று துணியை வெட்டச் சொன்னது நான்தான் என்றேன்.

"அட, அது எப்பத்த சமாச்சாரமுங்க! உடுங்க வாத்தியாரே. நீங்க இன்னும் சாப்புடலீங்களா? அந்தப் பந்திக்கு வாங்க, ஊத்துக்குளி நெய்யி ஊத்தறாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இலையில் உட்காரவைத்து, பரிமாறுகிறவரிடம், "நம்ம வாத்தியாருக்கு நல்லா ஊத்துங்க கண்ணு" என்றார். என் குற்றத்தை அவர் கேட்கவே இல்லை. நெய்யில் மூழ்கிய சோற்றை வைத்துக்கொண்டு விழித்தேன்.

பிறகுதான் மாஸ்டரைத் தேடிப் போனேன். ஒரு சந்தின் கடைசியில் தகர ஷெட். உள்ளே சில மெஷின்கள், ஒரு நீள மேசை. சுவரோரமாகக் கயிற்றுக் கட்டில்களில் துணி தளர்வாக மடித்துப் போட்டுக் கிடந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது அவருக்கு. குரல் மட்டும் அப்படியே.

"ஏ, ஜி.எம். சாரு! என்ன சார் வழி தவறி வந்துட்டீயளா? ஒக்காருங்க, ஒக்காருங்க. கட்டில்ல ஒக்காராதீய, துணி கெடக்கு. அந்தப் பொதி மேல ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். தயார் செய்து வந்ததைச் சொன்னேன். வெட்டச் சொன்னது நான், தவறு என்னுடையது, அது உங்கள் தலையில் விழுந்தது, மன்னிக்கவேண்டும் என்றேன். அவர் மனம் இளகும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அவருக்குக் கோபம்தான் வந்தது.

"நீங்க சொன்னா நா வெட்டிருவனா சார்? அதுக்கு முன்னால எத்தன தடவ ஒங்களுக்கு முடியாதுன்னு சொல்லிருக்கேன்? அன்னைக்கி ஏன் சரின்னேன்? யூனிட்டு சார், யூனிட்டு! இந்த நேரத்துல போயி இவரப் பகைச்சுக்கிட்டா குடுக்க விடமாட்டாரேன்னு பயம், ஆச. துணி சுருங்கும்னு தெரிஞ்சே கத்திய வச்சேன். அது எம் பாவம். அதப் போயி ஒங்களுதுன்னு தூக்கிட்டுப் போவாதீய."

"அப்படியானால் என்னுடையது?"

"ஒங்களுது வேற. முதலாளிட்ட என்ன சொன்னீயன்னு அவரு அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. வாயடக்கம் இல்லன்னு." சிரித்தார். "அதுவும் பொய்யில்லதான? எம் பொஞ்சாதியும் அதத்தாஞ் சொல்லுதா."

எல்லாம் தெரிந்தே அந்தக் கடைசி ஆர்டரை முடித்துக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குள் அவர் போன் அடித்தது. வேலை கொடுத்த கம்பெனிக்காரர்போல. மாஸ்டர் கட்டிலருகே போய்ப் புறங்கையால் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பேசினார். "இல்ல சார், இன்னைக்கி வெட்ட முடியாது... காரணமா? துணி எடுக்க நா வண்டி லேட்டா அனுப்புனேன். என் தப்புதான். நாளைக்கி வாங்க... வேற ஆள்ட்ட குடுக்கணும்னா குடுத்துக்கோங்க, துணிய மடிச்சுத் தாரேன்." போனை வைத்துவிட்டு என்னிடம், "டீ சொல்லட்டா சார்?" என்றார்.

டீ குடித்தேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் திரும்பக் கேட்கவும் இல்லை. கொண்டுபோன சுமையை அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்து அழைத்த கல்லூரியில் என்னையும் சேர்த்தே கதையைச் சொன்னேன். தண்ணீர் பாட்டில் மூடி வரை எல்லாம் சொன்னேன்; சாத்திய கதவுக்குள் முதலாளியிடம் சொன்னது மட்டும் வாயில் வரவில்லை. முடித்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கல்லூரி முதல்வர் மைக்கை வாங்கி, "தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ளும் இந்தப் பெருந்தன்மைதான் மாபெரும் தலைவருக்கு அடையாளம்" என்றார். என் தோளில் இன்னொரு பொன்னாடை விழுந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. குற்றத்தைக்கூட இவர்கள் தகுதியாக மாற்றிக்கொடுக்கிறார்கள். பல வருடம் கழித்து, எதுவும் போகாத இடத்தில் நின்று ஒப்புக்கொள்வதா பெருந்தன்மை? மாஸ்டர் அதைச் சொன்னபோது அவருடைய யூனிட் போயிற்று. நான் சொன்னபோது எனக்கு என்ன போயிற்று?

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள். திருப்பூர்ப் பக்கத்துப் பெண்ணாக இருக்கவேண்டும்.

"சார், அந்த மாஸ்டருக்குக் கடைசி வரைக்கும் யூனிட்டுக் குடுக்கவே இல்லீங்களா?"

"இல்லையம்மா."

"ஏனுங்க சார்?"

"அந்தச் சமயத்தில் கம்பெனி இருந்த சூழ்நிலையில்..." என்று தொடங்கினேன். வாய் தானாகத் தொடங்கிவிட்டது. கோவையான, நல்ல காரணம் ஒன்று நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஒலிபெருக்கியில் என் மூச்சு கேட்டது. அந்தப் பெண் உட்காராமல் காத்திருந்தாள்.

"நான்தான் வேண்டாம் என்று சொன்னேன்" என்றேன்.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண்ணும் நன்றி சொல்லவில்லை. என்னை ஒரு கணம் நேராகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.